பிறவிக் குறையும் பரம்பரை நோயும் ஒன்றா?



அரபுப் பாடத்தில் ஸபர் ஜேராக மாறினால் பொருளே மாறிவிடும் என்று மாணவர்களுக்கு எச்சரிக்கிறோம். உயிரியலிலும் அத்தகைய சொற்கள் உள்ளன. பிறவிக் குறை, பரம்பரை நோய், மரபணுக் கோளாறு என்னும் மூன்றையும் ஒரே பொருளில் எழுதுவோர் பலர். பேசுவோர் அவர்களினும் பலர். இச்சொற்கள் மயங்குவதால் ஏற்படும் தீங்கு ஏட்டோடு நிற்பதில்லை. ஒரு வீட்டில் குறையுடன் குழந்தை பிறந்துவிட்டால், "அது அந்தக் குடும்பத்துப் பரம்பரை நோய்" என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. பின்னாளில் அக்குழந்தையின் சகோதரிகளுக்கு வரும் சம்பந்தங்கள் அந்த ஒரு சொல்லாலேயே தட்டிப் போகின்றன.

மூன்று சொற்கள், மூன்று பொருள்கள்

பிறக்கும்போதே இருப்பது பிறவிக் குறை. அது எப்போது தோன்றியது என்பதை மட்டுமே இச்சொல் கூறும். ஏன் தோன்றியது என்பதைக் கூறாது. பெற்றோரிடமிருந்து மரபணு வழியாகப் பிள்ளைக்கு வந்து சேர்வது பரம்பரை நோய். மரபணுவிலோ, மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோமிலோ ஏற்படும் மாற்றம் மரபணுக் கோளாறு. அது பெற்றோரிடமிருந்தும் வரலாம், புதிதாகவும் தோன்றலாம்.

பிறவியில் வந்தும் பரம்பரை அல்லாதது

1941ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், கண்புரையுடன் பிறந்த குழந்தைகள் வழக்கத்திற்கு மாறாகப் பெருகியிருப்பதைக் கவனித்தார். அவர்களின் அன்னையரில் பெரும்பாலோர் கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் ரூபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மைக்கு ஆளானவர்கள் என்பது விசாரணையில் தெரிந்தது. அக்கிருமி, கருவிலுள்ள சிசுவின் கண்ணையும் செவியையும் இதயத்தையும் தாக்க வல்லது. இங்கே குறை பிறவியில் வந்தது. பரம்பரைக்கு அதில் பங்கில்லை. எனவேதான் தடுப்பூசியால் இதைத் தடுக்க முடிகிறது. 2017ஆம் ஆண்டு தமிழகத்திலும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் நடைபெற்றதை நீங்கள் அறிவீர்கள்.

பரம்பரையாக வந்தும் பிறவியில் தோன்றாதது

ஹண்டிங்டன் நோய் என்றொரு நரம்பு நோய் உண்டு. தாய் தந்தையரில் ஒருவருக்கு அது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. ஆயினும் அதன் அறிகுறிகள் பெரும்பாலும் முப்பது வயதைக் கடந்த பின்னரே வெளிப்படுகின்றன.

தலசீமியா என்னும் இரத்த நோயைப் பாருங்கள். கடுமையான பீட்டா தலசீமியா உள்ள குழந்தையும் பிறக்கும்போது நலமாகவே காணப்படும். சில மாதங்கள் கடந்த பின்னரே இரத்தம் குன்றத் தொடங்கும். அதன் பெற்றோரோ, நோயின் சுவடே தெரியாமல் ஆளுக்கொரு குறையுள்ள மரபணுவைச் சுமந்தவர்களாய் இருப்பர். அத்தகைய இருவர் மணம் புரிந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள குழந்தை பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. "எங்கள் பிள்ளை பிறக்கும்போது நன்றாகத்தானே இருந்தது, இது எப்படிப் பரம்பரை நோயாகும்?" என்ற கேள்விக்கு இதுவே விடை.

மரபணுவில் இருந்தும் பரம்பரை அல்லாதது

டவுன் நோய்க்குறியுடன் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக அமைந்திருக்கும். இதனைப் பிரான்ஸ் நாட்டு அறிஞர் ஜெரோம் லெஜூன் குழுவினர் 1959இல் வெளியிட்டனர். இம்மிகுதி பெரும்பாலும் கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும் வேளையில் தற்செயலாக நேர்வது. சிறு பங்கினரிடம் மட்டுமே பெற்றோர் வழியாக வருகிறது. அவ்வாறிருக்க, "உன் வயிற்றுக் குற்றம்" என்று பெற்றவளைப் பழிப்பது எவ்வகையில் நியாயம்?

நாம் செய்ய வேண்டியது

இரு குழந்தைகள் செவித்திறனின்றிப் பிறக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். ஒருவருக்கு ரூபெல்லா காரணமாகலாம். மற்றவருக்குப் பெற்றோர் இருவரின் மரபணுக்கள் காரணமாகலாம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. பிரித்தறிவது மருத்துவரின் பணி. அண்டை வீட்டாரின் பணியன்று.

மாமன் மகளையும் மாமி மகனையும் மணமுடிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து ஒரே குறையுள்ள மரபணு இருவருக்கும் வந்திருக்கும் வாய்ப்பு அத்தகைய மணங்களில் கூடுதல். அதற்காக ஒவ்வொரு உறவுமுறைத் திருமணமும் நோயில் முடியும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நிக்காஹ் பேசும் முன்பே இருவரும் தலசீமியாவுக்கான இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அறிவுடைமை. சவூதி அரேபியாவில் 2004 முதல் திருமணத்திற்கு முன் இப்பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

ஆகவே, "பிறவிக் குறை" என்று யாரேனும் சொன்னால், காரணம் என்னவென்று மருத்துவர் கூறினார் எனக் கேளுங்கள். காரணம் தெரியாதவரை "பரம்பரை" என்னும் சொல்லை நாவில் எடுக்காதீர்கள். ஒரு குடும்பத்தின் மானமும் ஒரு பெண்ணின் வாழ்வும் அச்சொல்லைச் சார்ந்திருக்கின்றன.