கம்பளத்தில் கறை: துடைக்குமுன் பாருங்கள்

மருந்துகளைப் பற்றிய ஐயங்களெல்லாம் தீர்ந்தபின், வாசல்வரை சென்ற உறவினர் திரும்பி வந்து தயக்கத்துடன் எங்களிடம் கேட்பதுண்டு: கம்பளத்தில் பட்ட இரத்தக் கறையை எப்படிப் போக்குவது? தயங்க வேண்டியதில்லை, வீட்டுப் பராமரிப்பில் இதுவும் அடக்கம்.

இரத்தமோ வாந்தியோ, துடைக்குமுன் ஒரு கணம் பாருங்கள். காப்பித்தூள் போன்ற கரிய வாந்தி இரைப்பையில் இரத்தக் கசிவைக் குறிக்கலாம். கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள், கறை காத்திருக்கும்.

இரத்தக் கறைக்குக் குளிர்ந்த நீரே ஏற்றது. வெந்நீர் பட்டால் இரத்தத்திலுள்ள புரதம் உறைந்து இழைகளில் பற்றிக்கொள்ளும். தேய்க்காமல் வெள்ளைப் பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு சில துளிகள் கலந்த நீரால் மீண்டும் ஒற்றுங்கள். புண்ணுக்கு இடும் பொவிடோன் அயோடின் சிந்தினால், வெள்ளை நிற வைட்டமின் சி மாத்திரையைக் கரைத்த நீரை இடுங்கள். பழுப்பு நிறம் கண்ணெதிரே மறையும். மஞ்சள் கறையை வெயிலே வெளிறச் செய்யும்.

எங்களுக்குக் கவலை தருவது வேறொன்று. ப்ளீச்சிங் பவுடருடன் கழிவறை அமிலத்தைக் கலந்தால் குளோரின் வாயு எழும். சிறுநீர் ஊறிய விரிப்பில் ப்ளீச் ஊற்றினாலும் நச்சு வாயு உண்டாகலாம். மூடிய அறையில் படுத்திருக்கும் ஆஸ்துமா நோயாளிக்கு அது உயிராபத்து.

கீமோதெரபி பெற்றவரின் வாந்தியிலும் சிறுநீரிலும் குறைந்தது 48 மணி நேரம் மருந்தின் எச்சம் இருக்கலாம். கையுறை அணிந்தே துடையுங்கள். கர்ப்பிணிகள் அப்பணியைச் செய்ய வேண்டா.

உண்மையில், நோயாளியின் கட்டிலருகே கம்பளமே வேண்டா என்போம். இரவில் எழும்போது அதில் கால் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியக்கூடும். சுருட்டி அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.