திறந்த நிரலும் தொழில் இரகசியமும்

திறந்த நிரலை எடுத்தாளும் கம்பனி தன் தொழில் இரகசியத்தை இழந்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் ஓரளவே மெய். லினக்ஸை ஆளும் பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு 1991 இல் வெளிவந்தது. நிரலைத் திருத்திப் பிறர்க்கு வழங்குவோர் திருத்திய மூலத்தையும் அவர்க்கு வழங்கல் வேண்டும் என்பது அதன் விதி. தம் மனையகத்தே மட்டும் வைத்து ஆள்வோர்க்கு அக்கடன் இல்லை.

லிங்சிஸ் கம்பனியார் இவ்வேறுபாட்டை நோக்கிலர் போலும். அவர் விற்ற டபிள்யூ.ஆர்.ரீ. 54ஜி என்னும் வலையமைப்புப் பெட்டியுள் லினக்ஸ் உறைவதை 2003 இல் ஆர்வலர் கண்டு மூலத்தைக் கேட்டனர். அவ்வாண்டிலேயே அக்கம்பனியை வாங்கிய சிஸ்கோவின் காலத்தில் அது வெளியிடப்பட்டது.

லினக்ஸின் சேவையை வழமையான அழைப்புகளாற் பெறும் நிரல்கள் அவ்வுரிமத்துள் அடங்கா என்பது தோர்வால்ட்ஸ் எழுதிய குறிப்பு. ஆதலின், மறைக்கத்தக்கதைத் தொடக்கத்திலேயே தனி நிரலாக எழுதிக்கொள்ளல் வேண்டும். பெட்டி கடைக்குப் போனபின் பிரித்தல் அரிது.