ஓவர்கிளாக்கிங்குக்குப் பின் எழ மறுக்கும் கணினி: பழுதும் உரிமையும்

கணினியின் செயலியையோ ரேமையோ கிராபிக்ஸ் கார்டையோ, தயாரித்த நிறுவனம் உறுதியளித்த வேகத்தைத் தாண்டி ஓடும்படி அமைப்புகளை மாற்றுவது ஓவர்கிளாக்கிங் எனப்படுகிறது. புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் செல்லும் சாலையிலுள்ள மூலக்குளம் போன்ற பகுதிகளில், பாகங்களைத் தனித்தனியாக வாங்கிக் கடையில் பொருத்திக்கொள்ளும் மாணவர்களுக்கும் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து பிழைப்பவர்களுக்கும் இது செலவில்லாமல் கிடைக்கும் வேகமாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் அமைப்பை மாற்றி மறுபடி இயக்கும்போது மின்விசிறி சுழன்றும் திரை இருண்டே கிடந்தால், ‘போர்டு போய்விட்டது’ என்று உடனே முடிவுகட்டுவோர் இரண்டு வகையில் இழக்கிறார்கள். பழுதாகாத பாகத்துக்குப் பணம் கொடுக்கிறார்கள், உத்தரவாதத்தில் கேட்டுப் பெற வேண்டியதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

மின்சாரம் பாய்ந்ததும் மதர்போர்டிலுள்ள பயாஸ் என்னும் அடிப்படை நிரல், செயலி, ரேம், கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றை வரிசையாகச் சோதித்த பிறகே விண்டோஸ் போன்ற இயங்குதளத்திடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. கூட்டப்பட்ட வேகத்தில் ஏதேனும் ஒரு பாகம் சரியான விடை தராவிட்டால் இந்தச் சோதனை அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. ஆகவே திரை வராததற்குப் பெரும்பாலும் பாகம் எரிந்தது காரணமாக இருப்பதில்லை, நினைவில் பதிந்துள்ள தவறான எண்களே காரணமாகின்றன. உண்மையான ஆபத்து மின்னழுத்தத்தில் இருக்கிறது. செயலி உண்ணும் மின்திறன் வேகத்தின் நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடி விகிதத்திலும் உயர்வதால், இரண்டையும் 10 விழுக்காடு கூட்டினால் மின்திறன் ஏறத்தாழ 33 விழுக்காடு கூடிவிடுகிறது. குளிரூட்டிய அறையில் சோதித்து வெளியிடப்பட்ட எண்களைப் புதுச்சேரியின் மே மாதத்து அறையில் அப்படியே பயன்படுத்தினால், அறை எத்தனை டிகிரி கூடுதலாகச் சூடாக இருக்கிறதோ ஏறத்தாழ அத்தனை டிகிரி செயலியின் வெப்பத்திலும் ஏறும்.

சரிசெய்யும் முயற்சி பொறுமையில் தொடங்க வேண்டும். டிடிஆர்5 ரேமின் வேகத்தை மாற்றிய பின் முதல் தொடக்கத்தில் மதர்போர்டு ரேமுக்கு ஏற்ற நேர இடைவெளிகளைத் தானே கண்டறிய முயல்வதால் சில நிமிடங்கள் திரை வராமல் இருக்கலாம். அதற்குள் பதறி மின்சாரத்தைத் துண்டிப்பது அந்த வேலையை மீண்டும் முதலிலிருந்து தொடங்கவே வைக்கும். பல மதர்போர்டுகளில் செயலி, ரேம், கிராபிக்ஸ், தொடக்க வட்டு ஆகியவற்றுக்கென நான்கு சிறு விளக்குகள் உள்ளன. எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அந்த இடத்தில் சோதனை தடைபட்டிருக்கிறது என்று பொருள். காத்திருந்தும் பலனில்லையென்றால் சுவிட்சை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, எஞ்சிய மின்னூட்டம் வடியக் கணினியின் பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்தி, பிறகு சிமாஸ் நினைவை அழிக்க வேண்டும். பயாஸ் அமைப்புகளைக் காத்துவைக்கும் இந்த நினைவை, மதர்போர்டின் கையேடு காட்டும் இரு ஊசிகளை ஜம்பரால் சில நொடிகள் இணைத்தோ, சிஆர்2032 என்னும் 3 வோல்ட் நாணய பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் கழித்து மாட்டியோ அழிக்கலாம். இது காசு செலவில்லாத வேலை. எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன் செய்தே ஆக வேண்டிய வேலையும் இதுவே. கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது, ஏனெனில் அதன் மின்தேக்கிகள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆபத்தான மின்னூட்டத்தைத் தாங்கியிருக்கும்.

சிமாஸை அழித்தால் வட்டிலுள்ள கோப்புகள் அழிவதில்லை. ஆனால் தேதி மாறிவிடலாம். வட்டு இயங்கும் முறையோ தொடக்க வரிசையோ பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் பயாஸ் திரை வந்தும் விண்டோஸ் எழாமல் போகலாம். வட்டு விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியையும் கணினி கேட்கலாம். அந்தச் சாவியை முன்கூட்டியே எழுதி வைக்காமல் ஓவர்கிளாக்கிங்கில் இறங்குவது, செயலியை இழப்பதைவிடப் பெரிய இழப்பான தரவிழப்பில் முடியலாம். திரை அப்போதும் வராவிட்டால் ரேம் பட்டைகளில் ஒன்றை மட்டும் கையேடு சொல்லும் இடத்தில் செருகிப் பார்ப்பதும், செயலியிலேயே கிராபிக்ஸ் வசதி இருந்தால் கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டின் இணைப்பிலிருந்து திரையைப் பெற முயல்வதும் அடுத்த படிகளாகும். அதற்கும் மேல் தேவைப்படுவது, நன்றாக இயங்கும் மாற்றுப் பாகங்களைப் பொருத்திச் சோதிக்கும் கடை. அங்கே ஒப்படைக்கும் முன் வட்டைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்வதும், செயலி அமரும் சாக்கெட்டின் ஊசிகளைத் தெளிவாகப் படமெடுப்பதும், ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணையும் எழுதிய ஜாப் ஷீட்டைக் கையெழுத்துடன் பெறுவதும் பின்னாளில் சான்றாகும். வளைந்த ஊசியை நிறுவனங்கள் பயன்படுத்துவோர் செய்த சேதமாகவே பொதுவாகக் கருதுகின்றன என்பதால் அந்தப் படத்தின் மதிப்பு பெரிது.

‘ஓவர்கிளாக் செய்தாயா, அப்படியானால் வாரண்டி இல்லை’ என்ற பதில் பலரை வாயடைத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அந்தப் பதில் எப்போதும் முழு உண்மை ஆவதில்லை. ஏஎம்டி நிறுவனத்தின் திரெட்ரிப்பர் 7000 செயலிகளில், ஓவர்கிளாக்கிங்கை அனுமதித்தவுடன் நிரந்தரமாக உருகிப் பதிவாகும் ஒரு ஃப்யூஸ் இருப்பது 2023இல் விவாதமானபோது, அது உருகியதால் மட்டும் உத்தரவாதம் போய்விடாது என்றும், ஓவர்கிளாக்கிங்கால் விளைந்த சேதமே விலக்கப்படுகிறது என்றும் அந்நிறுவனமே விளக்கியது. செயலுக்கும் சேதத்துக்கும் இடையில் காரணத்தொடர்பு உண்டா என்பதே கேள்வி. அதே 2023இல் சில ரைசன் 7000எக்ஸ்3டி செயலிகள் மதர்போர்டோடு கருகியபோது, மதர்போர்டு நிறுவனங்கள் புதிய பயாஸ் வெளியிட்டு, சாக் என்னும் பகுதிக்கான மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. 2024இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் நிலைகுலைந்தபோது, செயலிக்குள்ளிருக்கும் மைக்ரோகோடு தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டது காரணம் என்று இன்டெல் ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டதோடு, பாதிக்கப்பட்ட மாதிரிகளுக்கு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. அந்தத் திருத்தம் ஏற்கெனவே நேர்ந்த சேதத்தை மாற்றாது என்பதால், அத்தகைய செயலி வைத்திருப்போர் தம் மீதே பழியைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடாமல் மாற்றுச் செயலி கேட்பதே முறை.

இன்னொரு நுட்பமும் உண்டு. ரேமின் பெட்டியில் அச்சிட்ட வேகம் பல சமயம் செயலி நிறுவனம் ஏற்ற வேகத்தைவிடக் கூடுதலானது. எக்ஸ்எம்பி, எக்ஸ்போ எனப்படும் முன்னமைவுகளை இயக்கினால்தான் அது கிடைக்கும், அதையும் நிறுவனங்கள் ஓவர்கிளாக்கிங்காகவே கணக்கிடுகின்றன. கடைக்காரரே இதை இயக்கிக் கொடுத்துவிட்டு, வாங்கியவரிடம் அதைச் சொல்லாமல், பிறகு வாங்கியவரையே குற்றம் சொல்வது நியாயமாகாது. எந்த அமைப்பை யார் இயக்கினார் என்பதைப் பில்லிலோ தனித்தாளிலோ எழுதி வாங்குவது அதனால்தான் முக்கியம். உண்மையை மறைத்து வாரண்டி கேட்பதும் தவறு. அது பொய்க் கோரிக்கை என்பதோடு, ஃப்யூஸ் போன்ற பதிவுகளால் வெளிப்பட்டுவிட்டால் நியாயமான கோரிக்கையையும் கெடுத்துவிடும்.

2020 ஜூலை 20 முதல் நடைமுறையிலுள்ள 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தர மறுப்பதையும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதையும் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பொருளால் விளைந்த தீங்குக்கு இழப்பீடு கோரும் ‘பொருள் பொறுப்பு’ என்னும் தனிவழியும் இச்சட்டத்தில் உண்டு. ஆனால் தீங்கு நேர்ந்த வேளையில் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தால் விற்பனையாளர்மீது அவ்வழியில் செல்ல முடியாது என்று பிரிவு 87 சொல்கிறது, அந்தப் பொருளுக்கே நேர்ந்த சேதமும் அதில் ‘தீங்கு’ ஆகாது. ஆகவே எழாத கணினிக்கான புகார், குறையுள்ள பொருள் அல்லது சேவைக் குறைபாடு என்ற அடிப்படையில் எழுதப்பட வேண்டும். குறை இருக்கிறதா என்பதில் வாதம் எழுந்தால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லும் அதிகாரம் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு உண்டு. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கிய எடிட்டிங் கணினிக்கும் இந்தப் பாதுகாப்பு பொருந்தும்.

புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பது இச்சட்டம் தந்த பெரிய உதவியாகும். சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ வாங்கிய மதர்போர்டுக்காக மூலக்குளத்துக்காரர் சென்னைக்கு அலையத் தேவையில்லை, புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்கறிஞர் இன்றியும் மனு அளிக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவது நல்லது, பல சச்சரவுகள் நிறுவனத்தோடு பேசியே அங்கு தீர்ந்துவிடுகின்றன. எனினும் உதவி எண் இணக்கம் காண முயலும் அமைப்பே தவிர ஆணையிடும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆணையத்தில் மனு அளிக்க, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளே கெடு என்பதால், ‘பார்த்துச் சொல்கிறோம்’ என்ற பதில் மாதக்கணக்கில் நீளும்போது அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்குள் எழுத்துவழி அறிவிப்பை அனுப்பி, மனுவையும் அளித்துவிட வேண்டும்.