75 சுற்றுக்கு 7 சுற்று

இரண்டு ரோபோக்கள் முட்டிக்கொண்டு ஒன்றையொன்று தள்ளுகின்றன. திடீரென ஒன்றின் விளக்குகள் அணைகின்றன. மெயின் பிரேக்கர் விழுந்துவிட்டது. அதைக் கையால்தான் மறுபடி போட முடியும். ஆட்டம் முடியும்வரை யாரும் களத்துக்குள் போகக் கூடாது. வாரக்கணக்கில் இராப்பகலாக உழைத்த பிள்ளைகள் தடுப்புக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இப்படி வரும் கோளாறு பல நேரம் ஒயரிலோ புரோகிராமிலோ இருப்பதில்லை. கியர் விகிதத்தைத் தேர்ந்தெடுத்த நாளிலேயே அது உள்ளே புகுந்திருக்கும்.

அமெரிக்காவில் டீன் கேமன் 1989-ல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு, 1992 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ரோபோ போட்டி நடத்திவருகிறது. ஓர் ஆட்டம் ஏறக்குறைய இரண்டரை நிமிடம். களத்தில் விரித்திருப்பது கார்பெட். பேட்டரி, பம்பர் எல்லாம் சேர்த்து ரோபோவின் எடை 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் பேட்டரி ஒன்றுதான் அனுமதி. மெயின் பிரேக்கர் 120 ஆம்பியர், ஒவ்வொரு ஓட்டு மோட்டாருக்கும் 40 ஆம்பியர் பிரேக்கர் என்பது வழக்கம்.

இந்தப் போட்டியில் வெகுகாலம் உழைத்தது சிம் எனப்படும் மோட்டார். சுமை இல்லாமல் சுழன்றால் நிமிடத்துக்கு 5,330 சுற்று. அச்சைச் சுழலவிடாமல் பிடித்து நிறுத்தினால் 2.41 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். அப்போது 131 ஆம்பியர் இழுக்கும். அதாவது முழு வேகத்தில் அதற்கு வலு கிடையாது, முழு வலுவில் வேகம் கிடையாது. மேட்டில் ஏறும்போது பைக்கில் கியரைக் குறைக்கிறோமே, அதுபோல வேகத்தைக் கொடுத்து வலுவை வாங்கித் தருவதுதான் கியர் பாக்ஸின் வேலை.

அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். மோட்டார் அச்சில் 14 பல் உள்ள சின்னச் சக்கரம். அது 50 பல் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்த 50 பல் சக்கரத்தின் அச்சிலேயே 16 பல் சக்கரம் ஒன்று. அது 48 பல் சக்கரத்தைச் சுழற்றுகிறது; அதன் அச்சில்தான் ரோபோவின் சக்கரம். 50-ஐ 14-ஆல் வகுத்தால் 3.57. 48-ஐ 16-ஆல் வகுத்தால் 3. இரண்டையும் பெருக்கினால் 10.71. மோட்டார் அச்சிலும் ரோபோ சக்கரத்திலும் சாக்பீஸால் ஒவ்வொரு கோடு போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள்: மோட்டார் 75 சுற்று முடிக்கும்போது சக்கரம் மிகச் சரியாக 7 சுற்று முடித்திருக்கும், இரண்டு கோடுகளும் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும். மாணவர்களுக்கு விகிதம் என்றால் என்ன என்று சொல்லித்தர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இனி வேகம். 5,330-ஐ 10.71-ஆல் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 498 சுற்று. 6 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு 0.479 மீட்டர். ஆகவே வினாடிக்கு 3.97 மீட்டர். கியர் உரசலையும் சுமையையும் கழித்தால் இதில் ஐந்தில் நான்கு பங்கு கைக்கு வரும். பல அணிகள் இத்தோடு கணக்கை மூடிவிடுகின்றன. ஆனால் பிரேக்கரை விழவைக்கும் எண் இதற்குப் பிறகுதான் வருகிறது.

70 கிலோ ரோபோவின் எடை 686 நியூட்டன். சக்கரத்துக்கும் கார்பெட்டுக்கும் உராய்வுக் குணகம் 1.1 என்று எடுத்தால், 755 நியூட்டன் வரை தள்ளலாம். அதற்கு மேல் போனால் சக்கரம் வழுக்கும். சக்கரத்தின் ஆரம் 0.0762 மீட்டர். பெருக்கினால் 57.5 நியூட்டன் மீட்டர். இதை 10.71-ஆலும், ரோபோவை ஓட்டுவது நான்கு மோட்டார் என்பதால் பிறகு 4-ஆலும் வகுத்தால், ஒரு மோட்டாரின் பங்கு 1.34. அந்த வலுவுக்கு மோட்டார் இழுப்பது ஏறத்தாழ 74 ஆம்பியர். நான்குக்கும் சேர்த்து 296. பிரேக்கர்கள் சூடேறித்தான் விழும் என்பதால் சில வினாடி பொறுத்துக்கொள்ளும். நீண்ட நேரம் தள்ளினால் பொறுக்காது.

சக்கரம் வழுக்கினால் பிள்ளைகள் பதறுகிறார்கள். பதற வேண்டாம். வழுக்கும் சக்கரம் மோட்டாரை 74 ஆம்பியரோடு நிறுத்திக் காப்பாற்றுகிறது. வேகத்துக்கு ஆசைப்பட்டு விகிதத்தை 6 ஆக்கினால் என்ன ஆகும்? உச்ச வேகம் வினாடிக்கு 7 மீட்டரைத் தாண்டிவிடும். ஆனால் சக்கரத்தை வழுக்க வைப்பதற்கே மோட்டாரின் மொத்த வலுவும் வேண்டும்: ஒவ்வொன்றும் 131 ஆம்பியர், நான்கும் சேர்ந்து 524. அந்தச் சின்ன பேட்டரியின் வோல்ட் அப்படியே சரிந்துவிடும்.

சரி, ஓட்டத்திலாவது லாபம் உண்டா? களத்தில் பெரும்பாலும் சில மீட்டர் ஓடி நிற்பதுதான் வேலை. நின்ற நிலையிலிருந்து 3 மீட்டர் ஓட, பேட்டரி சரியாது என்ற கற்பனையிலேயே கணக்கிட்டால், விகிதம் 6-க்கு 0.92 வினாடி, 10.71-க்கு 1 வினாடி. வித்தியாசம் ஒரு கண்சிமிட்டல்கூட இல்லை. வோல்ட் சரிவதையும் சேர்த்தால் அதுவும் கரைந்துபோகும். தூரம் என்ன, யாரைத் தள்ள வேண்டும் என்று களத்தைப் பார்த்து விகிதத்தை முடிவுசெய்ய வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

சக்கரத்தின் அளவும் கியர்தான் என்பதை மறக்கக் கூடாது. இதே பெட்டியில் 4 அங்குலச் சக்கரம் மாட்டினால் வேகம் 2.65 மீட்டராக இறங்கும், மோட்டார் சக்கர விளிம்பில் தரும் விசை ஒன்றரை மடங்காகும்; ஆனால் சக்கரம் வழுக்கும் வரம்பு மாறாது. 2019 போட்டிகளில் புழக்கத்துக்கு வந்த நியோ போன்ற பிரஷ் இல்லாத மோட்டார்களில் ஆம்பியர் வரம்பைப் புரோகிராமிலேயே வைத்துவிடலாம். அது பிரேக்கரைக் காக்கும். தப்பான விகிதத்தைச் சரிசெய்யாது.

முதல் போட்டியில் 10.71 ஒத்துவரவில்லை, பிரேக்கர் விழுகிறது என்றால் முழுப் பெட்டியையும் கழற்றி எறிய வேண்டியதில்லை. 16, 48 பல் ஜோடியை எடுத்துவிட்டு இன்னொரு 14, 50 ஜோடியைப் போடலாம். 16-உம் 48-உம் 64. 14-உம் 50-உம் 64. பல்லின் அளவு ஒன்றேயாகவும் கூட்டுத்தொகை சமமாகவும் இருப்பதால் அச்சுகளின் இடைவெளி மாறாது, துளை ஒன்றுகூடப் புதிதாகப் போட வேண்டாம். விகிதம் 12.75 ஆகிறது. வேகம் வினாடிக்கு 3.3 மீட்டர். தள்ளும்போது ஒரு மோட்டார் இழுப்பது 74-லிருந்து 63 ஆம்பியராகக் குறைகிறது.