முழக்கமும் முதலும்
டிரம் செட் வாங்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்

உடப்புக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைக் கண்டவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். ஒருவர் அம்பாப் பாட்டெடுக்க, ஏனையோர் ஏற்றுப் பாட, கைகளும் கால்களும் ஒரே தாளத்தில் இயங்கும். தாளம் பிசகினால் வலை நகர்வதும் அரிது. திரௌபதை அம்மன் கோயில் தீமிதி விழாவின் மேளமுழக்கத்தையும் கேட்டு வளரும் பிள்ளை, பாடசாலை இசைக்குழுவைப் பார்த்துவிட்டு, "எனக்கும் டிரம் செட் வேண்டும்" என்று கேட்டால் அதில் வியப்பென்ன?

ஆனால் பெற்றோருக்கோ கவலை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரையில் கரைவலைத் தொழில் ஓய்ந்துவிடும். அந்நாள்களுக்கென வைத்த கையிருப்பை எடுத்து வாத்தியம் வாங்கலாமா? அப்படி வாங்கினாலும் ஏமாறாமல் வாங்குவது எங்ஙனம்?

டிரம் செட் என்பது ஒற்றை வாத்தியமன்று. காலால் மிதித்து அடிக்கும் பாஸ் டிரம், கூர்மையாக ஒலிக்கும் ஸ்நேர், இரண்டு மூன்று டொம்டொம்கள், சிம்பல் எனும் உலோகத் தட்டுகள் ஆகியன சேர்ந்த குடும்பம் அது. 1909 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லுட்விக் சகோதரர்கள் செய்த மிதிகட்டை பரவிய பின்னர், பலர் பிரித்து அடித்தவற்றை ஒருவரே அமர்ந்து அடிப்பது எளிதாயிற்று.

குறைந்த பணத்தில் வாங்குவோர் நினைவிற் கொள்ள வேண்டியது ஒன்றே: மாற்றக்கூடியது பழையதாயிருக்கலாம், மாற்ற இயலாதது நல்லதாயிருக்க வேண்டும்.

தோல் மாற்றக்கூடியது. 1950களின் பிற்பகுதியில் கன்றுத்தோலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தோல் வந்தது. கடற்கரை ஈரக்காற்றில் அது தளர்ந்துவிடாது. கிழிந்தாலும் புதியதைப் பொருத்தலாம். எனவே பழைய செட்டில் தோல் தேய்ந்திருந்தால் அஞ்ச வேண்டாம். அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

மரக்கூடோ அப்படியன்று. தோலைக் கழற்றி, கூட்டைச் சமதரையில் வைத்து, உள்ளே சிறு விளக்கைப் பிடித்துப் பாருங்கள். விளிம்பின் கீழே ஒளி கசிந்தால் விளிம்பு சமமாயில்லை. எத்தனை முறுக்கினும் சுருதி சரியாய் நில்லாது. அத்தகையதை விட்டுவிடுக.

சிம்பலிலும் விழிப்பு வேண்டும். மலிவான செட்களோடு வருபவை பெரும்பாலும் பித்தளை. அவற்றின் ஒலி விரைவில் அலுத்துவிடும். உயர்ந்த தட்டுகள் நூற்றுக்கு 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் கலந்த வெண்கலம். நடுத்துளையிலும் ஓரத்திலும் விரலை ஓட்டிப் பாருங்கள். வெடிப்பிருந்தால் அது நாளடைவில் நீளும். ஐந்து மலிவுத் தட்டுகளைவிட, மேலும் கீழுமாய் மோதும் 14 அங்குல ஹைஹாட் இணையும் 20 அங்குல ரைடு ஒன்றும் நல்லவையாய் இருந்தால் தொடக்கத்திற்குப் போதும்.

கடலோர வீட்டாருக்கு இன்னொரு சொல். உப்புக்காற்று இரும்பைத் தின்னும். வாங்குமுன் ஒவ்வொரு திருகாணியையும் கழற்றி இறுக்கிப் பாருங்கள். துருவேறி இறுகியவை பல இருப்பின் வேண்டாம். வாங்கிய பின் உலர்ந்த துணியால் துடைத்து, திருகாணிகளுக்குத் தையல் இயந்திர எண்ணெய் சிறிது இடுங்கள். சாளரத்தின் எதிரே வைக்காமல் துணியால் மூடி வையுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னே செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. ஒரு சோடிக் குச்சியும், பலகைமேல் ஒட்டிய தடித்த இறப்பர்த் துண்டும் பிள்ளைக்குக் கொடுங்கள். மூன்று திங்கள் நாள்தோறும் அரைமணி நேரம் வலக்கையும் இடக்கையும் ஒத்து அடிக்கப் பழகட்டும். அயல் வீட்டார் துயிலும் கெடாது. பணமும் பெரிதாய்ச் செலவாகாது. அந்த மூன்று திங்களும் சலியாது பழகும் பிள்ளைக்குச் செட் வாங்கிக் கொடுப்பது வீண்செலவாகாது. அப்போது காதடைப்பானும் சேர்த்தே வாங்குங்கள். மூடிய அறையில் எழும் டிரம் முழக்கம் செவியைக் கெடுக்கவல்லது.

ஆசை மூன்று வாரத்தில் அடங்கிவிட்டால் இழந்தது ஒரு சோடிக் குச்சியே. கையிருப்பு, கடல் கொந்தளிக்கும் மாதங்களுக்கு அப்படியே இருக்கும்.