கால்பந்து வீரர் பலராம்

கால்பந்தாட்டம் பதினொருவர் ஒருமனப்பட்டு ஆடும் ஆட்டமாகும். இலக்கைக் காப்பவர் ஒருவர். எதிரணியினரின் முன்னேற்றத்தைத் தடுப்பவர் சிலர். பந்தை எதிரியின் இலக்கினுள் செலுத்துபவர் சிலர். இவர்களுக்கு இடையே நின்று, பின்னணியினர் மீட்டுத் தந்த பந்தைப் பெற்று, முன்னணியினர் பாய்ந்து செல்லும் வழியறிந்து அதனை வழங்குபவரும் உளர். காவிரி நீரை வயல்தோறும் அளவறிந்து திறந்துவிடும் மடைக்காரருக்கு அவரை ஒப்பிடலாம். விளைச்சலைக் காண்போர் உழவனைப் புகழ்வர். மடை திறந்தவனை நினைப்பவர் சிலரே.

இந்நாளில் இவ்விடத்தில் ஆடுபவரைத் தாக்கும் நடுக்கள வீரர் என்பர். உருமேனிய நாட்டைச் சேர்ந்த கியோர்கே ஹாஜி இவ்வகை ஆட்டத்தில் உலகப் புகழ் பெற்றவர். 1994ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில், அந்நாட்டைக் கால் இறுதிவரை இட்டுச் சென்றவர்களுள் அவரே தலையாயவர். அவருக்கு ஒரு தலைமுறை முன்னரே நம் நாட்டிலும் அத்தகைய வீரர் ஒருவர் விளங்கினார். முன்னணியில் ஐவர் நின்று ஆடிய அக்காலத்தில், நடுமுன்னணி வீரருக்கும் ஓரத்து வீரருக்கும் இடையே நின்று ஆடுபவரை உள்முன்னணி வீரர் என்றனர். அவ்விடத்தில் பெயர் பெற்ற அவ்வீரரே துளசிதாஸ் பலராம்.

பலராம் 1936ஆம் ஆண்டில், செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடா என்னும் சிற்றூரில், தமிழ்ப் பெற்றோருக்கு மகனாகப் பிறந்தார். குடும்பமோ வறுமையில் வாடியது. விளையாட்டுக்குரிய காலணி வாங்கவும் பொருள் இல்லை. காவலர் அணிந்து கழித்த பழைய காலணியைக் கொண்டு, தமக்கேற்ற ஆட்டக் காலணி ஒன்றைத் தைத்துக்கொண்டார் என்பர்.

அந்நாளில் ஐதராபாத்தில் சையது அப்துல் ரஹீம் என்னும் பெரும் பயிற்சியாளர் இருந்தார். இளைஞர் பலராமின் ஆட்டத்தைக் கண்ட அவர், பயிற்சிக்கு வருமாறு அழைத்தார். அம்முகுடாவிலிருந்து ஐதராபாத்துக்கு நாள்தோறும் சென்று வரும் செலவுக்கு வழியில்லை என்றார் பலராம். வாடகை மிதிவண்டிக்கு வேண்டிய பணத்தை ரஹீமே கொடுத்துதவினார். மாணவனின் திறமையைப் போற்றும் ஆசிரியர், அவன் குறையையும் நீக்குவார் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும். அம்மிதிவண்டியில் ஏறிச் சென்ற இளைஞர் சில ஆண்டுகளுக்குள் கடல் கடந்து சென்றார். 1956ஆம் ஆண்டில் மெல்போர்ன் ஒலிம்பிக் பந்தயத்துக்குச் சென்ற இந்திய அணியில் இருபது வயதான பலராமும் இடம் பெற்றார். அவ்வணி நான்காம் இடத்தை அடைந்தது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா எய்திய மிக உயர்ந்த நிலை அதுவே.

1957ஆம் ஆண்டில் அவர் கல்கத்தா நகரின் கிழக்கு வங்கக் கழகத்தில் சேர்ந்தார். பந்தாட்டத்தையே உயிரெனப் போற்றும் அந்நகரத்து மக்கள் மொழியாலும் ஊராலும் வேறுபட்ட அவரைத் தம்மவராக ஏற்றுக்கொண்டனர். 1961இல் அவர் அக்கழகத்தின் தலைவராகி, கல்கத்தா லீக் கோப்பையை வென்று தந்தார். அவ்வாண்டு லீக் ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் 23. வேறு எவரும் அவ்வளவு கோல் அடிக்கவில்லை. வழங்கவும் வல்லவர், முடிக்கவும் வல்லவர் என்பதனை இதனால் அறியலாம்.

1960ஆம் ஆண்டில் ரோம் நகரில் ஒலிம்பிக் பந்தயம் நிகழ்ந்தது. ஹங்கேரி, பிரான்சு, பெரு ஆகிய வலிய நாடுகளை இந்தியா எதிர்த்து ஆடவேண்டியிருந்தது. ஹங்கேரியுடன் நிகழ்ந்த ஆட்டத்தில் பலராம் ஒரு கோல் அடித்தார். இந்தியா 1-2 என்ற கணக்கில் தோற்றபோதிலும், அப்போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்ற அணியை அந்த அளவுக்கு எதிர்த்து நின்றது சிறிய செயலன்று. அடுத்துப் பிரான்சுடன் ஆடி 1-1 என்று சமன் செய்தது. காரைக்கால் மக்களுக்கு இச்செய்தி தனிச் சுவை உடையது. இப்பகுதியின் ஆட்சி பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் முதல் நாளிலாகும். அதன்பின் ஆறு ஆண்டுகள் நிறைவதற்குள், ஆண்ட நாட்டின் அணியோடு நம் நாட்டு அணி நிகராக நின்று ஆடியது.

காரைக்கால் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது 1962 ஆகஸ்டு 16ஆம் நாள். அடுத்த மாதம் 4ஆம் நாள், ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து இறுதி ஆட்டம் நிகழ்ந்தது. முன்னர்த் தொடக்க ஆட்டத்தில் இந்தியாவைத் தென்கொரியா 2-0 என வென்றிருந்தது. அதன்பின் இந்தியா தாய்லாந்தையும் சப்பானையும் வென்றது. சப்பானுக்கு எதிரான ஆட்டத்தில் பலராமும் ஒரு கோல் அடித்தார். அரையிறுதியில் தென் வியத்நாமையும் வென்று, இறுதியில் மீண்டும் தென்கொரியாவையே எதிர்கொண்டது. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் அப்போட்டியில் இடமளிக்கப்படாததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்திருந்தார். அதனால் சினங்கொண்டிருந்த மக்கள் இந்திய வீரர்களைக் கண்டதும் ஆரவாரித்து இகழ்ந்தனர். உள்முன்னணியில் அணித்தலைவர் சுனி கோஸ்வாமி ஆட, பலராம் இடது ஓரத்தில் நின்றார். தமக்கு உரிய இடம் இதுவே என அவர் வாதிடவில்லை. அணிக்கு வேண்டிய இடமே தம் இடம் எனக் கொண்டார். பி. கே. பானர்ஜியும் ஜர்னெயில் சிங்கும் ஆளுக்கு ஒரு கோல் அடிக்க, இந்தியா 2-1 என வென்று பொற்பதக்கம் பெற்றது. அதன்பின் ஆசியப் போட்டியின் கால்பந்தில் இந்தியா பொற்பதக்கம் பெற்றதில்லை. அவ்வாண்டே பலராமுக்கு அர்ஜுனா விருதும் வழங்கப்பட்டது.

புகழின் உச்சியில் நின்றவருக்கு உடல்நலம் துணை செய்யவில்லை. நுரையீரலைச் சூழ்ந்த உறையில் நோய் கண்டது. 1963ஆம் ஆண்டில், இருபத்தேழு வயதை எட்டும் நிலையில், அவர் ஆட்டத்தை விட்டு விலக நேர்ந்தது. பலர் தம் திறமை முதிர்வதாக எண்ணும் வயதில் அவருடைய ஆட்ட வாழ்வு முடிந்துவிட்டது. ரஹீமும் அவ்வாண்டிலேயே மறைந்தார். ஆயினும், பலராம் பந்தை அறவே மறக்கவில்லை; பின்னாளில் இளைஞருக்குப் பயிற்சி அளித்தார். தம் ஆசிரியரிடம் பெற்றதைத் தம் மாணவருக்கு வழங்கினார். வங்காளத்திலேயே வாழ்ந்த அவர், 2023 பிப்ரவரி 16ஆம் நாள் உயிர் நீத்தார்.

ஆடிய ஆண்டுகள் சில. ஆசியப் போட்டியில் வென்ற பதக்கம் ஒன்று. எனினும் பி. கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி என்பவரோடு பலராமையும் சேர்த்து, இந்தியக் கால்பந்தின் மும்மணிகள் என உலகம் போற்றுகின்றது. காலத்தின் நீளத்தால் வாழ்க்கையின் பெருமை அளக்கப்படுவதில்லை. கிடைத்த பந்தைத் தமக்கே வைத்துக்கொள்ளாது, உரிய நேரத்தில் உரியவரிடம் சேர்ப்பவரே அணியை வெல்லச் செய்கின்றார். ஆட்டக்களத்துக்கு மட்டுமன்று, வீட்டுக்கும் நாட்டுக்கும் இந்நெறி பொருந்தும்.