சூடானால் நிற்கும் அம்பாசிடர்

காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பும் பழைய அம்பாசிடர், முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர்களோடு காந்தி ரோடு நெரிசலில் ஊர்ந்தால் பொசுக்குன்னு நிற்கும். அரை மணியில் தானே கிளம்பும். நானும் முதலில் கார்புரேட்டருக்குத்தான் காசு அழுதேன். பாவம், அது நிரபராதி.

இன்ஜினை ஒட்டிய பம்பு சூடேறி உள்ளே பெட்ரோல் ஆவியாகலாம். இல்லை, இக்னிஷன் காயிலோ கண்டென்சரோ சூட்டில் படுத்துக்கொள்ளலாம். இரண்டுமே ஆறினால் சரியாகிவிடும், அதான் தலைவலி. மெக்கானிக் வருவதற்குள் தடயம் போய்விடும்.

அதனால் நின்ற நிமிஷமே பாருங்கள். பெட்ரோல் வாசனை இல்லையென்றால், காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயரின் அந்த முனையைக் கழற்றி, ரப்பர் பிடி போட்ட குறடால் இன்ஜின் உலோகத்துக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடித்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலப் பொறி பளிச்சென்று வந்தால் பம்பு மேல் ஈரத்துணி போடுங்கள். மஞ்சளாக மெலிந்தால், முதலில் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள், விலை குறைவு.